மூணு நாள் டவர் இல்ல, அந்த 32 ரூபாய் யார் கணக்குல?

இந்த எபிசோடைக் கொஞ்சம் கோவத்துல ரெக்கார்ட் பண்ணேன். எழுத்து வடிவத்துக்காகக் கோவத்தை மட்டும் குறைச்சிருக்கேன், விஷயம் அப்படியேதான் இருக்கு.

எங்க ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியிலேர்ந்து வெள்ளிமலை போற பஸ்ல ஏறினா கோமுகி அணைக்கு முன்னாடி வரும். அதைத் தாண்டினா கல்வராயன் மலை ஏத்தம். போன மாசம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணேன், போகல. வெள்ளிக்கிழமை காலையிலயும் போகல. பக்கத்து வீட்டு அக்கா வேற கம்பெனி சிம் வச்சிருக்காங்க. அவங்களைக் கூப்பிட்டப்பதான் தெரிஞ்சது, டவரே வேலை செய்யலன்னு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் திரும்ப வந்துச்சு.

அந்த மூணு நாள்ல சிலிண்டர் கொண்டுவந்த தம்பி ஓ.டி.பி. கேட்டிருக்கார். வரல. "அடுத்த ட்ரிப்ல பாத்துக்கலாம்மா"ன்னு சிலிண்டரைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டார். டீக்கடையில காசு வந்துச்சுன்னு கத்துற டப்பா ஊமையாயிடுச்சு. இதெல்லாம் கீழ. மலை மேல இருக்கிறவங்களைக் கேட்டா நம்ம புலம்பலைப் பாத்துச் சிரிப்பாங்க. சிக்னல் எடுக்கிற வளைவு எது, பாறை எதுன்னு தெரிஞ்சு வச்சிருக்காங்க. ராத்திரி ஒருத்தருக்கு முடியலன்னா, முதல்ல அந்த வளைவுக்கு பைக்ல போய்த்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்.

நான் புகார் கொடுக்கலாம்னு உக்காந்தேன். 198-க்கு அம்மா போன்லேர்ந்து அடிக்கணும், ஆனா சிக்னல் இல்ல. சரி, ஆப்ல போடலாம்னா, உள்ள போக அம்மா நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்புவானாம்! இந்த ஃப்ளோவை டிசைன் பண்ண ஆள் என் டீம்ல இருந்திருந்தா ரிவ்யூலயே திருப்பி அனுப்பியிருப்பேன். கடைசியில கஸ்டமர் கேர்ல அரை மணி நேரம் பாட்டு கேட்டு ஒரு புகார் எண் வாங்கினேன். திங்கட்கிழமை எஸ்.எம்.எஸ். வந்துச்சு, உங்க புகார் தீர்க்கப்பட்டதுன்னு. போன மூணு நாளுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா, "டெக்னிக்கல் இஷ்யூ சார், வருந்துகிறோம்."

அம்மா போட்டிருந்தது 28 நாளைக்கு 299 ரூபாய் பிளான். ஒரு நாளைக்குப் பத்தே முக்கால் ரூபாய்கூட வராது. மூணு நாளைக்கு 32 ரூபாய். இதுக்கா இவ்வளவுன்னு எனக்கே தோணுச்சு. அப்புறம்தான் விதிகளைத் தேடிப் படிச்சேன்.

ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2024 ஆகஸ்ட்ல புது சேவைத்தர விதிகளை வெளியிட்டுச்சு. அக்டோபர் 1-லேர்ந்து அமல். ஒரு மாவட்டத்துல 4 மணி நேரத்துக்கு மேல சேவை நின்னா கம்பெனி ட்ராய்க்குத் தெரிவிக்கணும். 24 மணி நேரத்தைத் தாண்டினா போஸ்ட்பெய்டுக்கு அடுத்த பில்லுல வாடகையைக் கழிக்கணும், ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டியை நீட்டிக்கணும். ஒரு நாள்ல 12 மணி நேரத்துக்கு மேல போனா முழு நாளாக் கணக்கு. இயற்கைப் பேரிடருக்கு விலக்கு, அது நியாயம்தான்.

ரொம்ப நல்ல விதிதான். ஆனா அதுல இருக்கிற ஒரு வார்த்தையைப் பாருங்க: மாவட்டம். கச்சிராயபாளையத்துல டவர் மூணு நாள் படுத்துக் கிடந்தாலும், கள்ளக்குறிச்சியிலயும் உளுந்தூர்பேட்டையிலயும் சிக்னல் இருந்தா அது மாவட்ட அளவு முடக்கம் இல்ல. அப்ப ஊர்க்காரங்களுக்குத் தானா எதுவும் வராது.

டவர் எவ்வளவு நேரம் படுக்கலாம்னு தனியா ஒரு அளவுகோலும் இருக்கு, 2 சதவீதம். 30 நாள் மாசத்துல 14 மணி 24 நிமிஷம். ஆனா அது எல்லா டவரையும் கூட்டிப் போடுற சராசரி. நாங்க சர்வர் பாக்கிறவங்க, இந்த வித்தை எங்களுக்கு நல்லாத் தெரியும். டேஷ்போர்டு பச்சையா இருக்கும், ஒரே ஒரு கஸ்டமர் மட்டும் மூணு நாளா அழுதுட்டு இருப்பார். சென்னையில ஆயிரம் டவர் ஓடுனா மலையடிவாரத்து ஒரு டவர் அதுல கரைஞ்சிடும்.

மலைப்பக்கத்து டவர் ஏன் லேட்டா எழுந்திருக்குதுன்னா காரணம் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்ல. கரண்ட் போனா பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் வேணும், அதை ஆள் கொண்டுபோகணும். ரோடு வேலையில ஃபைபரை வெட்டிட்டா ஒட்டுற வரைக்கும் காத்திருக்கணும். சில இடத்துல ஒரு டவர்லேர்ந்து அடுத்த டவருக்கு மைக்ரோவேவ்லதான் லைன் போகுது, முன்னாடி உள்ளது போனா பின்னாடி உள்ளதும் போச்சு. எல்லாத்துக்கும் தீர்வு இருக்கு, ஆனா செலவு. முடங்கினா ஒரு பைசா நஷ்டம் இல்லன்னா அந்தச் செலவை யார் முதல்ல பண்ணுவா? அந்த 32 ரூபாயை ஊர்ல உள்ள எல்லா நம்பராலயும் பெருக்கிப் பாருங்க, டீசல் சீக்கிரம் மேல ஏறும்.

முன்னாடி ஒரு முயற்சி நடந்துச்சு. பாதியில கட்டாகிற காலுக்கு 1 ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3 ரூபாய்னு ட்ராய் 2015-ல கொண்டுவந்தது. 2016 மே மாசம் உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. 2 சதவீதத்தை நீங்களே அனுமதிச்சுட்டு, அதுக்குள்ள இருக்கிறவங்ககிட்டயும் எப்படிக் காசு வாங்குவீங்கங்கிறது அதுல ஒரு கேள்வி. மறுபடியும் அந்தச் சராசரி, பாருங்க. இங்கிலாந்துல 2019-லேர்ந்து லேண்ட்லைன், பிராட்பேண்ட் சரியாக லேட்டானா, திட்டத்துல சேர்ந்த கம்பெனிகள் கேக்காமலே நஷ்டஈடு தருது. ஆனா அங்கயும் மொபைல் அதுல இல்ல.

இப்ப நம்ம கையில என்ன இருக்கு? புகார் எண்ணை விடாதீங்க, அது இல்லன்னா உங்க டவர் படுத்ததுக்குச் சாட்சியே கிடையாது. பதில் திருப்தியா இல்லன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், காசு கிடையாது, 39 நாள்ல முடிக்கணும். ட்ராய்க்கு எழுதிட்டுக் காத்திருக்காதீங்க, தனி ஆள் புகாரை அவங்க தீர்க்கறதில்ல. அடுத்து நுகர்வோர் ஆணையம். டெலிகாம் வழக்கு அங்க செல்லாதுன்னு 2009 தீர்ப்பைக் காட்டி ரொம்ப நாள் விரட்டினாங்க. வோடஃபோன் ஐடியா வழக்குல 2022 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு, போகலாம்னு. நீங்க குடியிருக்கிற ஊர் எந்த ஆணையத்துக்குக் கீழ வருதோ அங்கயே போடலாம், கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் இல்ல.

அம்மா நம்பருக்கு மேல்முறையீடு போட்டாச்சு. "32 ரூபாய்க்கா தம்பி இப்படி மல்லுக்கட்டுற?"ன்னு கேட்டாங்க. அப்புறம் அவங்களே, "பக்கத்து வீட்டு ரெண்டு நம்பரும் அதே கம்பெனிதான், அதையும் சேத்துப் போடு"ன்னாங்க. இன்னிக்கு 11-வது நாள். பதில் வந்ததும் அடுத்த எபிசோட்ல வாசிச்சுக் காட்டுறேன்.