வண்டிப் புகை வண்டிக்குள் வரலாமா?



இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். பிள்ளைகளை வேனில் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் இருப்பீர்கள். இன்றைய பேச்சு இருவருக்கும் வேண்டியது. முதலில் ஒரு கதை கேளுங்கள்.

2008ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். இமாசலப் பிரதேசத்தில் சிம்லா என்ற மலை ஊர். அங்கே ஒருவர் பழைய மாருதி ஆம்னி வேன் ஓட்டி வந்தார். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவார். நல்ல குளிர். அதனால் கண்ணாடிகளை மூடியே ஓட்டுவார்.

ஒரு வாரமாகப் பிள்ளைகள் “தலை வலிக்குது அங்கிள்” என்றார்கள். ஒரு சிறுமி வாந்தி எடுத்தாள். மலைப் பாதையில் வளைவுகள் அதிகம். அதனால் வந்த மயக்கம் என்று ஓட்டுநர் நினைத்தார். ஆனால் மறுநாள் அவருக்கும் தலை சுற்றியது. பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வரும். பல வருடம் அதே பாதையில் ஓட்டியவருக்கு ஏன் தலை சுற்ற வேண்டும்?

அவர் பயந்துபோனார். நேரே ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார். அங்கே மூத்த மெக்கானிக்கை ‘உஸ்தாத்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“உஸ்தாத், கொஞ்சம் பாருங்கள். வண்டியில் ஏறினால் தலை வலிக்கிறது. இறங்கினால் சரியாகிவிடுகிறது.”

“வண்டியில் சமீபத்தில் என்ன வேலை செய்தாய்?”

“மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தது. வேறு பட்டறையில் புதிது மாட்டினார்கள்.”

“இன்ஜினை நிறுத்து. இனி ஒரு பிள்ளையையும் இதில் ஏற்றாதே” என்றார் உஸ்தாத்.

மேனிஃபோல்டு என்றால் என்ன? இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. எரிந்த புகை வெளியே போக வேண்டும். ஆம்னி இன்ஜினில் 3 சிலிண்டர்கள் உண்டு. மூன்றிலிருந்தும் வரும் புகையை ஒரே குழாயில் சேர்ப்பதுதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அங்கிருந்து புகை சைலன்சர் வழியாக வண்டியின் பின்பக்கம் போகும். மேனிஃபோல்டு பெரும்பாலும் வார்ப்பு இரும்பில் செய்தது. ஓடும்போது கொதிக்கும். நின்றால் குளிரும். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு நாளடைவில் விரிசல் விடும்.

ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே புகை கசிந்தால் வண்டிக்குள்ளேயே வரும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. உயிர் வாழ ரத்தத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். இந்த வாயு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், வாந்தி. அதிகமானால் உயிரே போகும்.

உஸ்தாத் இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். ஜாக்கியால் தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டு வைத்தார். வெறும் ஜாக்கியை நம்பி அவர் வண்டிக்கு அடியில் போவதில்லை. நட்டுகளில் துரு விடும் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஊறாமல் திருகினால் போல்ட் முறிந்துவிடும்.

கழற்றிப் பார்த்தார். இணைப்பில் கரி படிந்திருந்தது. புகை கசிந்த அடையாளம் அது.

“பாகம் வெளிக்கம்பெனியுடையது. வெளிக்கம்பெனி என்பதாலேயே குற்றம் சொல்ல முடியாது. நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. சரிபார்க்காமல் மாட்டியதுதான் தப்பு” என்றார் உஸ்தாத்.

எப்படிச் சரிபார்ப்பது? புது கேஸ்கட்டை மேனிஃபோல்டின் முகத்தில் வைத்துப் பார்த்தார். புகைத் துளைகளும் போல்ட் துளைகளும் நேராக இருந்தன. பிறகு இரும்பு அளவுகோலை நிமிர்த்தி அந்த முகத்தின் மேல் வைத்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. முகம் வளைந்திருக்கிறது! லேத் பட்டறைக்கு அனுப்பி முகத்தைச் சமப்படுத்தி வாங்கினார்.

இன்னொரு தப்பும் தெரிந்தது. முதல் பட்டறையில் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒருமுறை அழுந்திய கேஸ்கட் மறுபடி சரியாக அடைக்காது.

உஸ்தாத் இன்ஜின் பக்கத்து முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். புது கேஸ்கட் வைத்தார். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகினார். பிறகு நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் போனார். ஒரே தடவையில் முறுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்று முறுக்கினார். கடைசிச் சுற்றுக்கு டார்க் ரெஞ்சு என்ற அளவு காட்டும் ஸ்பேனரை எடுத்தார். எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற எண் வண்டியின் பழுதுபார்ப்புப் புத்தகத்தில் இருக்கும். குறைந்தால் கசியும். கூடினால் போல்ட் முறியும்.

கீழே சைலன்சர் குழாயையும் கேஸ்கட் வைத்து இணைத்தார். வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளினார். இணைப்பில் சோப்பு நீர் தெளித்து இன்ஜினை ஓட்டினார். குமிழி வரவில்லை. ‘டப் டப்’ என்ற சத்தமும் இல்லை. இன்ஜின் சூடாகி ஆறியபின் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்தார்.

“நாளைக்குப் பிள்ளைகளை ஏற்றலாமா உஸ்தாத்?”

“ஏற்றலாம். ஆனால் தலைவலி என்று ஒரு பிள்ளை சொன்னாலும் வண்டியை நிறுத்து.”

அந்த ஓட்டுநர் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். முதல் பட்டறையில் அவர் ரசீது கேட்கவில்லை. இந்த முறை கேட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘புது கேஸ்கட் – 1’ என்று அதில் இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, சில விஷயங்களை மனதில் வையுங்கள். மூடிய அறையில் இன்ஜினை ஓட்டக் கூடாது. இன்ஜின் ஓடும் வண்டிக்குள் கண்ணாடியை மூடித் தூங்கக் கூடாது. வண்டிக்குள் ஒருவர் மயங்கினால் இன்ஜினை நிறுத்துங்கள். அவரைக் காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வாருங்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.

புதிய வண்டிகளில் புகையின் நச்சைக் குறைக்கும் கருவி உண்டு. அதன் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். வேகம் கூடும் என்று சொல்லி அதை எடுத்துவிட்டு வேறு குழாய் மாட்டச் சொல்வார்கள். மாட்டாதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம். ஊர்க் காற்றுக்கும் கேடு. பதிவு செய்து ஓராண்டு ஆன வண்டிக்குப் புகைச் சோதனைச் சான்றிதழ் வேண்டும். அதில் உள்ள கடைசித் தேதியை நீங்களே படித்துப் பாருங்கள்.

இப்போது சேர்ந்து பேசுங்கள்:

பிள்ளைகளின் தலைவலிக்குக் காரணம் என்ன?

முதல் பட்டறையில் நடந்த இரண்டு தப்புகள் எவை?

உங்கள் பிள்ளை போகும் வண்டியை யார் சரிபார்க்கிறார்கள்?