நம்ம ஆற்றங்கரைக் கைத்தொழிலை நாமே தேடிப் பார்ப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த வருசம் கள அறிவுப் பயணத்துக்கு எங்கே போகலாம்னு குழுக்களில் கேட்டோம். மைசூர், ஊட்டி, கொடைக்கானல் என்று பல ஊர்ப் பேர் வந்தது. போகலாம், தப்பே இல்லை. ஆனால் அதுக்கு முன்னாடி ஒரு நாள் நம்ம தாமிரபரணிக் கரையைச் சுத்திப் பார்ப்போமே! திருநெல்வேலியில் பஸ் ஏறி அம்பாசமுத்திரம் ரோட்டில் போனால் பத்தமடையில் கோரைப் பாய், காருகுறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் செடிபுட்டா சேலை, அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான். ஒரே ரோட்டில் நாலு தொழில். நம்மில் எத்தனை பேர் இதையெல்லாம் செய்யும் இடத்திலேயே போய்ப் பார்த்திருக்கோம், சொல்லுங்க பார்ப்போம்?

இன்றைக்குப் பத்தமடைப் பாயைப் பற்றி மட்டும் பேசுவோம். ஏன்னா அது பெரும்பாலும் பெண்கள் கையால் உருவாகிற பொருள்.

ஆற்றோரத்திலும் ஈரமான நிலத்திலும் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காய வைப்பாங்க. பட்டுப் பாய்க்கு என்றால் வேலை இன்னும் கூடுதல். காய்ந்த கோரையை ஓடுகிற தண்ணீரில் சுமார் ஒரு வாரம் ஊறப்போட்டு, மறுபடி காய வைத்து, நூல் மாதிரி மெல்லிசாகக் கீறணும். சாயம் ஏற்றணும். அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சப்பாங்குக் கட்டையைக் கொதிக்க வைத்தாங்க. பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, தரையோடு தரையாக இருக்கும் தறியில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோரையாக ஊடு கொடுத்து நெய்யணும். நல்ல பட்டுப் பாய் துணி மாதிரி மடியும். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டுப் பாய் நெய்து கொடுப்பதும் இந்த ஊர் வழக்கம்தான்.

1953-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இந்தப் பாய் பரிசாகப் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வாங்க. 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பேர் இருக்கு, புகழ் இருக்கு. ஆனால் நெய்கிற பெண் கையில் என்ன மிஞ்சுது?

இந்த இடத்தில் வெளிநாட்டுக் கதை ஒன்றைச் சொல்றோம். இத்தாலியில் வெனிஸ் என்று ஒரு துறைமுக நகரம். அதன் பக்கத்தில் புரானோ என்கிற மீனவத் தீவு. அங்கே பெண்கள் ஊசியும் நூலும் வைத்தே பின்னும் லேசு ஒரு காலத்தில் ராஜா வீடுகளுக்கெல்லாம் போனது. பிறகு தொழில் நலிந்து, 1872-ல் அந்த வேலை முழுசாகத் தெரிந்தவர் செஞ்சா ஸ்கார்பரியோலா என்ற மூதாட்டி ஒருத்தர்தான் என்கிற நிலைமை. அவரிடமிருந்து வேலையைக் கற்று, பள்ளி தொடங்கி, பல பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. மீன்பாடு இல்லாமல் தவித்த குடும்பங்களுக்கு அது கஞ்சி ஊற்றியது. ஆனால் அந்தப் பள்ளியும் சுமார் நூறு வருசத்துக்குப் பிறகு மூடப்பட்டது. 1981 முதல் அந்தக் கட்டடம் அருங்காட்சியகம். இன்று அந்தத் தீவுக் கடைகளில் மிஷின் லேசும் விற்குது. ஊர் பேர் நிலைத்துவிட்டது, ஆனால் கையால் பின்னுகிறவர்கள் மிகக் குறைவு.

இதில் நமக்கு என்ன பாடம்? பேரும் புகழும் மட்டும் தொழிலைக் காப்பாற்றாது. கூலி கட்டுப்படியாகணும். இல்லை என்றால் மகள் கற்றுக்கொள்ள மாட்டாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்குச் சொல்றோம். ஒரு பாய்க்குக் கோரை, நூல், சாயம் 300 ரூபாய். ரெண்டு பேர் மூணு நாள் நெய்றாங்க. வியாபாரி 900 ரூபாய்க்கு எடுத்துக்கிறார். லாபம் 600 ரூபாய் என்று சந்தோசப்படுவோம். ஆனால் அது ஆறு ஆள் நாள் உழைப்பு. ஆளுக்கு நாளைக்கு 100 ரூபாய்தான்! களை எடுக்கப் போனாலே கூடக் கிடைக்குமே. கோரை கீறிய நேரம், ஊறப்போட்டுக் காயவைத்த நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. நம் உழைப்புக்கு நாமே விலை போடாவிட்டால் வேறு யாரும் போட மாட்டாங்க.

புவிசார் குறியீடு பற்றியும் ஒரு செய்தி. ஊருக்குக் குறியீடு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. நெய்கிற ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தால்தான் அந்த முத்திரையைப் போட்டு விற்கும் உரிமை உண்டு. அதற்கான பதிவகம் சென்னையிலேயே இருக்கு. பாய் நெய்யும் உறுப்பினர்கள் யார் யார் பதிவு செய்திருக்காங்க என்று குழு வாரியாக எழுதிக் கொடுங்க. மனு எழுத நாங்க கூட இருக்கோம்.

பயணம் போகும்போது மூணு கேள்வி கேட்டு நோட்டில் குறித்து வாங்க. கச்சாப் பொருள் எங்கிருந்து வருது, என்ன விலை? ஒரு உருப்படிக்கு எத்தனை ஆள் நாள்? செய்கிறவருக்கு எவ்வளவு, கடையில் எவ்வளவு? வந்த பிறகு அடுத்த கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம குழுக்களில் வருசா வருசம் எத்தனை கல்யாணம் நடக்குது! சீர்வரிசைக்கு பிளாஸ்டிக் பாய் வாங்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, நெய்கிற சகோதரியிடமே நேரடியாக ஒரு கோரைப் பாய் வாங்குவோம். மூணு மாசம் முன்னாடியே சொல்லி, முன்பணம் கொடுத்தால் அவங்க வட்டிக்கு வாங்காமல் நெய்வாங்க. வாங்குகிறவங்களும் நாமதான், நெய்கிறவங்களும் நாமதான். நடுவில் போகிற காசு நம்ம பெண்கள் கையிலேயே நிற்கட்டும்.

பயணத்துக்கு வர விரும்புகிறவங்க இன்றைக்கே பேர் கொடுத்துட்டுப் போங்க.