பூசணம் பூத்த கடலை



சென்ற மாதம் இதே மிம்பரில் நின்று, உணவை வீண்விரயம் செய்யாதீர்கள் என்று உரையாற்றினேன். கீழே விழுந்த கவளத்தையும் எடுத்து, ஒட்டியிருக்கும் அழுக்கை நீக்கி உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை எடுத்துச் சொன்னேன். மறு வாரம் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் தம் பேரனிடம் ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பினார். மழையில் நனைந்த நிலக்கடலை மூட்டையில் பச்சைப் பூசணம் பூத்துவிட்டது. கழுவிக் காயவைத்து, வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். நானும் யோசியாமல், கொடுக்கலாம், வீணாக்க வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பதில் தவறு. அன்று மாலை, விவசாயம் படித்த ஒரு சகோதரரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் பதறிவிட்டார். உடனே ஆளனுப்பித் தடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், கடலை அப்போதும் வாசலில் காய்ந்துகொண்டுதான் இருந்தது. இன்னும் எத்தனை வீடுகளில் என் பேச்சு இப்படிப் புரிந்துகொள்ளப்பட்டதோ! ஆகவேதான் இதே இடத்தில் நின்று திருத்துகிறேன்.

கவளத்தில் ஒட்டிய மண் வெளியில் இருப்பது, தட்டினால் போய்விடும். பூசணம் அப்படியன்று. அது உயிருள்ள ஒரு படைப்பு. பூஞ்சை என்னும் இனத்தைச் சேர்ந்தது. தாவரத்தைப் போல அதில் பச்சையம் கிடையாது. வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ள அதனால் இயலாது. விலங்கைப் போல விழுங்கவும் செய்யாது. நாம் உண்டபின் வயிற்றில் செரிக்கிறோம். அதுவோ செரிக்கும் நீரை வெளியே சுரந்து, உணவைக் கரைத்து, அதன்பின் உறிஞ்சுகிறது. அதன் உடல், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகளாக உணவுக்குள் ஊடுருவியிருக்கும். ரொட்டியின் மேல் நாம் காணும் பச்சைப் பொடி, அது தன் வித்துக்களைப் பரப்ப வெளியே நீட்டிய பகுதி மட்டுமே. அதைச் சுரண்டி எறிந்தால் இழைகள் உள்ளேயே இருக்கும்.

காளானும் இவ்வாறே. மழைக்குப்பின் முளைக்கும் குடை அதன் கனி, உடல் மண்ணுக்குள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் காடொன்றில் ஒரே பூஞ்சை ஏறத்தாழ 965 ஹெக்டேர் பரப்பில் மண்ணுக்கடியில் பரவியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

பூஞ்சை கெட்டது என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். மரத்திற்கு உறுதி தரும் லிக்னினை முழுமையாகச் சிதைக்க வல்லவை பெரும்பாலும் பூஞ்சைகளே. அவை இல்லாவிடில் விழுந்த மரமும் உதிர்ந்த சருகும் மண்ணாக மாறாமல் குவிந்துகொண்டே போகும். நிலத்துத் தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை தம் வேர்களில் பூஞ்சை இழைகளைத் தாங்கி நிற்கின்றன. இழை மண்ணிலிருந்து நீரையும் பாஸ்பரஸ் போன்ற சத்துக்களையும் கொண்டுவந்து கொடுக்கிறது. செடி சர்க்கரையைத் தருகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் ‘கம்ஆ’ பற்றி வரும் ஹதீஸை நீங்கள் அறிவீர்கள். நம் மொழிபெயர்ப்புகளில் காளான் என்று இருப்பதால் பலர் குடைக்காளானை எண்ணிக்கொள்கின்றனர். அரபுப் பாலையில் மழைக்குப்பின், ஒருவகைச் சிறு புதரின் வேரோடு சேர்ந்து மண்ணுக்குள் கிழங்கைப் போல விளைவது அது. (அதன் நீர் கண்ணுக்கு மருந்து என்று வந்திருப்பதால் கண்ட காளானையும் பிழிந்து கண்ணில் விட்டுவிடாதீர்கள்! கொல்லையில் முளைத்ததைத் தெரியாமல் சமைப்பதும் உயிருக்கு ஆபத்து.)

இனி கடலைக்கு வருவோம். ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் சில வகைகள், ஈரம் பட்ட கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளர்ந்து அஃப்லடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. கழுவினால் அது முழுதும் போகாது. வறுத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு முழுதும் அழியாது. சிறிது சிறிதாக உடலில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும்; மஞ்சள் காமாலையின் பி வகைக் கிருமி உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு. ஒரேயடியாக மிகுதியாகச் சேர்ந்தால் விரைவிலேயே உயிரைப் பறிக்கும். 1974ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோயினர். வேறு தானியம் வாங்க வழியற்ற ஏழைகள் அவர்கள். வீணாக்கக்கூடாது என்று எண்ணித்தான் அவர்களும் உண்டிருப்பார்கள்.

எனவே தாய்மார்களுக்குச் சொல்லுங்கள்: பூசணம் கண்ட ரொட்டியை முழுமையாக அப்புறப்படுத்த வேண்டும். நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிய வேண்டும். அது இஸ்ராஃப் ஆகாது. உண்மையான விரயம் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஈரம் உலராமல் மூட்டை கட்டும்போதும், தேவைக்கு மேல் வாங்கி அடுக்கும்போதும்.

"அப்படியானால் கோழிக்காவது போடலாமா, ஹஜ்ரத்?" என்று அந்தத் தாயார் மீண்டும் கேட்டனுப்பினார். கூடாது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்து, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சே உலகுக்குத் தெரியவந்தது. மாட்டுக்குக் கொடுத்தால் பாலிலும் இறங்கும். கொல்லையில் குழிவெட்டிச் சருகோடு சேர்த்துப் புதைத்துவிடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, புதைத்தாயிற்று என்று பேரன் வந்து சொல்லிப் போனான்.