மூழ்கும் வயலுக்கு ஏற்ற நெல்

(காவிரிக் கடைமடைப் பகுதியில் சம்பாப் பருவத்துக்கு முன் நடந்த உழவர் பயிற்சிக் கூட்டத்தில், வேளாண்மைக் கல்லூரி உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆடி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் சம்பாவுக்கு விதை விட்டாக வேண்டும். இங்கே கூடியிருக்கும் நீங்கள் பெரும்பாலும் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் உங்களுக்குக் கடைசியாக வந்து சேருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தாலோ, மேட்டு வயல்களின் தண்ணீரெல்லாம் முதலில் உங்கள் வயலுக்குத்தான் வருகிறது. ஆகவே உங்களிடம் பேசும்போது விளைச்சலைக் கூட்டுவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. நட்ட பயிரைக் காப்பாற்றுவதைப் பற்றியும் பேச வேண்டும்.

2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல் வந்தது. 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற சம்பாக் கதிர்கள் காலமல்லாக் காலத்து மழையில் சாய்ந்து முளைத்துவிட்டன. 2022 நவம்பர் 11ஆம் நாள் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. "மழை அந்தக் காலத்திலும் பெய்ததுதானே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பெய்தது உண்மைதான். ஆனால் பூமியின் வெப்பம் கூடக் கூட, காற்று தாங்கும் ஈரமும் கூடுகிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைச் சுமக்கும். அந்த ஈரம் பத்து நாள் தூறலாக இறங்காமல், ஒன்றிரண்டு நாளில் கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடிவிட்டது. கடல் மட்டமும் மெல்ல உயர்வதால், முகத்துவாரத்தில் தண்ணீர் வடிவதும் மந்தமாகிறது. முன்பு மூன்று நாளில் வடிந்த வயல் இப்போது ஒரு வாரம் நிற்கிறது என்று நீங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெற்பயிர் தண்ணீரில் நிற்கும் பயிர்தானே, அது ஏன் மூழ்கினால் அழுகுகிறது? இதை விளங்கிக்கொண்டால் பிறகு சொல்லப் போவதெல்லாம் எளிதாகும். பயிர் தன் உடலில் எத்திலீன் என்ற வாயுவை எப்போதும் சிறிது உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. காற்றில் நிற்கும்போது அது வெளியேறிவிடும். முழுதும் மூழ்கிவிட்டால் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. உடனே பயிர், "தலையை வெளியே நீட்டு" என்று கட்டளை பிறந்தது போல மளமளவென்று நீளுகிறது. கலங்கல் தண்ணீரில் வெயில் படாது. உணவு தயாரிக்க வழியில்லை. தண்டில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துத்தான் அது நீள வேண்டும். ஏழெட்டு நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் அந்த வெளிறிய நெடும்பயிர் நிற்க வலுவின்றிச் சாய்ந்து அழுகுகிறது.

ஒடிசா மாநிலத்தின் பழைய நெல் ஒன்றிலிருந்து தெரிவு செய்யப்பட்ட எப்.ஆர்.13ஏ என்ற ரகம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, கையிருப்பைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கிறது. ஆனால் அதன் விளைச்சல் குறைவு. ஆகவே உழவர்கள் அதை விரும்பவில்லை. இந்தக் குணத்துக்குக் காரணமான மரபுக்கூறு நெல்லின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை 1996ஆம் ஆண்டு கெனாங் சூ, டேவிட் மெக்கில் ஆகியோர் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதற்கு 'சப் 1' என்று பெயர். அதற்குள் வேலை செய்யும் ஜீன் எது என்பது 2006இல் வெளியாயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தக் குணத்தை நம் நாட்டு சுவர்ணா ரகத்தில் சேர்த்தார்கள். 2009இல் சுவர்ணா சப் 1 இந்தியாவில் வெளியிடப்பட்டது.

நம் பகுதிக்கு உகந்தது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்துள்ள சி.ஆர்.1009 சப் 1. பொன்மணி என்று நீங்கள் அழைக்கும் அதே குண்டு நெல்தான். இட்லிக்குப் பெயர் பெற்றது. வெள்ளம் வராத ஆண்டில் விளைச்சலிலும் வயதிலும் பழைய சி.ஆர்.1009 போலவே இருக்கும். வெள்ளம் வந்தால் பத்து முதல் பதினான்கு நாள் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீளும். "இது மரபணு மாற்றிய நெல்லா?" என்று பல ஊர்களில் கேட்கிறார்கள். இல்லை. நெல்லோடு நெல்லைக் கலப்புச் செய்து, சந்ததிகளில் தேவையான கூறு வந்திருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்துத் தெரிவு செய்த ரகம். வீரிய ஒட்டு ரகமும் அல்ல. ஆகவே விதையைக் கலப்பின்றி எடுத்து வைத்து அடுத்த ஆண்டும் விதைக்கலாம். ஆனால் பழைய சி.ஆர்.1009க்கும் இதற்கும் கண்ணால் வேறுபாடு தெரியாது. எனவே முதல் தடவை வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, உரிமம் பெற்ற கடையிலோ, நீலநிறச் சான்று அட்டை உள்ள மூட்டையாகப் பார்த்து, ரசீதுடன் வாங்குங்கள்.

இதன் பலனை ஒடிசாவில் 128 கிராமங்களில் உழவர் வயல்களிலேயே சோதித்தார்கள். சுவர்ணா சப் 1 விதையைச் சிலருக்குக் கொடுத்து, மற்றவர்களின் வயலோடு ஒப்பிட்டார்கள். பத்து நாள் மூழ்கிய வயல்களில், வழக்கமான ரகத்தைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் விளைச்சல் கிடைத்தது. வெள்ளம் வராத வயலில் இழப்பு ஏதும் இல்லை. என்னைக் கவர்ந்தது இன்னொரு முடிவு. பள்ளத்து நிலம் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர் கையில் இருப்பதால், இந்த விதையின் பலன் அவர்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேரும் என்று அந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். மேலும், பயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும், அடுத்த பருவத்தில் அந்த உழவர்கள் உரத்துக்குத் துணிந்து செலவழித்தார்கள். விதைப்பை விட்டு நடவுக்கு மாறியவர்களும் உண்டு. பயம் ஒரு உழவனின் கையை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்பதைப் பள்ளத்து நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கேட்டுவிட்டு எல்லா வயலிலும் இந்த ரகத்தையே போட்டுவிடாதீர்கள். இது செய்யாத காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். தூர் கட்டும் பருவத்தில் மூழ்கினால்தான் இது மீளும். பூக்கும் தருணத்தில் மூழ்கினால் இதுவும் பதராகும். முளைக்கும் விதைக்கு இந்தக் குணம் உதவாது. நேரடி விதைப்புச் செய்த மறுநாளே மழை கொட்டித் தண்ணீர் தேங்கினால் மற்ற ரகங்களைப் போலவே அழுகும். முழங்கால் அளவுத் தண்ணீர் மாதக் கணக்கில் நிற்கும் தாழ்வயலுக்கும் இது ஏற்றதல்ல; உப்பையும் தாங்காது. அப்படிப்பட்ட பள்ளங்களுக்கு உங்கள் பாட்டனார் சம்பா மோசனம் போன்ற உயர வளரும் நெல்லை வைத்திருந்ததில் அர்த்தம் உண்டு.

வயதையும் பாருங்கள். இது 155 நாள் பயிர். ஆவணியில் நாற்று விட்டால், வெள்ளம் வருவதற்குள் தூர் கட்டி, தை மாதத்தில் அறுவடைக்கு வரும். மேட்டூர்த் தண்ணீர் பிந்தி, புரட்டாசி நடுவில்தான் விதை விட முடியும் என்றால் இந்த ரகத்தை விட்டுவிடுங்கள். கடைசியில் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இராது. அப்போது மத்திய வயது ரகமோ குறுகிய வயது ரகமோதான் சரி. விலையையும் மறைக்க விரும்பவில்லை. குண்டு நெல்லுக்கு வியாபாரி சன்ன ரகத்தின் விலை கொடுக்க மாட்டார். எனவே மூன்று ஏக்கர் உள்ளவர், ஆண்டுதோறும் மூழ்கும் ஒரு ஏக்கருக்கு மட்டும் சப் 1 போட்டு, மேட்டுப் பாங்கான இரண்டு ஏக்கரில் விலை கிடைக்கும் சன்ன ரகத்தைப் போடுவதே என் யோசனை. எந்த வயல் எத்தனை நாள் மூழ்கியது என்பது எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

விதை மட்டும் போதாது. நாற்றும் வலுவாக இருக்க வேண்டும். ஏக்கருக்கு 12 கிலோ விதையை 8 சென்ட் நாற்றங்காலில் கலக்கமாக விடுங்கள். 30 நாள் ஆன, அடி பருத்த நாற்று வெள்ளத்தைத் தாங்கும். நெருக்கி விட்டு நூலாக வளர்ந்த நாற்று எந்த ரகமானாலும் தாங்காது.

வெள்ளம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வடிந்ததும் இலைகள் பழுப்பாகி, சேறு பூசிக் கிடக்கும். அதைப் பார்த்து மனம் உடைந்து உழுதுவிடுபவர்கள் உண்டு. பொறுங்கள். நாலைந்து குத்துகளைப் பிடுங்கி அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழைந்து நாற்றமடித்தால் போயிற்று. உறுதியாக இருந்து, பிரித்துப் பார்த்தால் நடுவில் வெண்குருத்துத் தெரிந்தால் பயிர் உயிரோடு இருக்கிறது. ஒரு வாரத்தில் புது இலை வரும். அதற்கு முன் யூரியாவை அள்ளி வீசுவது வீண்செலவு, வேர் எடுத்துக்கொள்ளாது. புது இலை கண்ட பின், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். வயலில் இறங்கி உரம் வீச முடியாத நிலையானால், 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். பயிர் போன இடத்தில் வேறு ரக நாற்றைக் கொண்டுவந்து நடாதீர்கள். அதே வயலில் தூர் அதிகமுள்ள குத்துகளைப் பிரித்து நட்டால் முதிர்ச்சி ஒன்றாக இருக்கும்.

வடிகாலைப் பற்றி ஒரு வார்த்தை. பாசன வாய்க்காலுக்குச் சண்டை போடுகிறோம். வடிவாய்க்காலை யாரும் கேட்பதில்லை. ஆகாயத் தாமரையும் காட்டாமணக்கும் அடைத்த வடிவாய்க்கால், பதினான்கு நாள் தாங்கும் நெல்லையும் இருபது நாள் மூழ்கடித்துவிடும். பெரிய ஆறுகளையும் வடிகால்களையும் தூர் வாருவது அரசின் பொறுப்பு. மனுக் கொடுங்கள், விடாமல் கேளுங்கள். ஆனால் வயலிலிருந்து அங்கே போகும் சிறு வாய்க்காலை ஊர் கூடிப் புரட்டாசிக்குள் வெட்டிவிடலாம். ஒருவர் மட்டும் தன் வரப்போரம் வெட்டினால், அவர் தண்ணீர் பக்கத்து வயலில் போய் நிற்கும். பிறகு வழக்குத்தான் வரும்.

பயிர்க் காப்பீட்டையும் கடைசி நாளுக்கு ஒத்திப் போடாதீர்கள். சம்பாவுக்குக் கடந்த ஆண்டுகளில் நவம்பர் 15 கெடுவாக இருந்து வந்தது. சீர்காழி மழை நவம்பர் 11இல் பெய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, பிரீமியம் கட்டிய ரசீதில் சர்வே எண்ணும் பரப்பும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.ஆர்.1009 சப் 1 விதை வேண்டுபவர்கள் இந்த வாரமே விரிவாக்க மையத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். ஆவணி பிறந்த பின் போனால் மூட்டை தீர்ந்திருக்கும்.