லாச்சிக்குள் கிடக்கும் போன்



எங்கள் வீடுகளில் சாமான் எறிவது இலேசில் நடக்காது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். தீர்ந்த பற்றரியை வெயிலில் வைத்து இன்னும் ஒரு நாளைக்கு ஓட்டப் பார்த்த சனம். இன்றும் அலுமாரி லாச்சியை இழுத்தால் பொத்தான் போன் ஒன்று, கண்ணாடி வெடித்தது ஒன்று, கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது ஒன்று என்று கிடக்கும்.

லாச்சிக்குள் கிடக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. பொங்கலுக்கு முன் வீடு துப்புரவாக்கும்போதுதான் சிக்கல். சருகோடு சேர்த்து வளவு மூலையில் கொளுத்துகிறோம், அல்லது குழி வெட்டி மூடுகிறோம். எங்கே செய்தாலும் இது பிழை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரட்டிப்புப் பிழை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே இல்லை, வழுக்கையாறும் மாரிக்கு மட்டுந்தான். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர். வெடிப்பும் பொந்துமான கல் அது. மேலே கொட்டியதை வடித்துத் தடுக்கிற அளவுக்குப் பல இடங்களில் மண் தடிப்பமில்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை உங்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்றம்வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது.

ஒரு போனால் ஒரு கிணறு கெட்டுவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் பழைய போன்களின் பற்றவைப்பில் இருக்கும் ஈயம் மண்ணில் விழுந்தால் அழியாது, சேர்ந்துகொண்டே போகும். பற்றரியில் கோபால்ற்றும் நிக்கலும் உண்டு. வயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தினால் டயொக்சின் என்ற நச்சு புகையோடு கிளம்பும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நெருப்பு வைத்தவர்தான்.

இனி அதன் பெறுமதிக்கு வருவோம். கன்னாதிட்டியில் நகை செய்பவர் பட்டறைத் தூசியைக் குப்பையில் கொட்டமாட்டார். கூட்டி அள்ளி, அதிலுள்ள பொன்னை எடுப்பார். போனும் அப்படித்தான். பத்து இலட்சம் போன்களில் ஏறத்தாழ 34 கிலோ தங்கம், 350 கிலோ வெள்ளி, 16 தொன் செம்பு உண்டு. ஒரு பவுனுக்கு இருநூற்றுச் சொச்சம் போன்கள் வேண்டும் என்று வையுங்கள். சுரங்கத்திலோ ஒரு தொன் பாறையை உடைத்தால் கிடைப்பது பல இடங்களில் சில கிராம் தங்கந்தான். அதற்காகக் காடு அழிகிறது, சயனைட் கலந்த கழிவு குளமாய்த் தேங்குகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்கள் எல்லாம், அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட போன்கள் உட்பட, பழைய மின்கருவிகளில் எடுத்த உலோகத்தால் செய்தவை. ஆனாலும் 2022இல் உலகில் சேர்ந்த 62 மில்லியன் தொன் மின்கழிவில் முறைப்படி மீள்சுழற்சிக்குப் போனது நான்கிலொரு பங்குகூட இல்லை.

தங்கம் என்றவுடன் யாரும் அமிலத்தோடு இறங்கிவிடாதீர்கள். அமிலம் சுண்ணக்கல்லையே கரைக்கும்! தங்கம் பிரிப்பது உருக்காலைக்காரரின் வேலை.

திருத்தக்கூடிய போனை முதலில் திருத்துங்கள். ஒரு போனால் வெளியாகும் கரியமிலவாயுவில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வந்துவிடுகிறது. இரண்டு வருடம் கூடப் பாவித்தால் அதுவே பெரிய லாபம். திருத்த முடியாவிட்டால், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளரிடம் சேருங்கள். வீதியால் வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் செம்புக்காக வயரை எரிக்கவும் கூடும். ஊரில் நூலகமோ சனசமூக நிலையமோ ஒரு பெட்டி வைத்துச் சேர்த்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே அலையத் தேவையில்லை.

கொடுக்குமுன் படங்களையும் இலக்கங்களையும் வேறிடத்தில் பதிந்துவிட்டு, போனில் உள்ளதை முழுதாய் அழியுங்கள். சிம்மைக் கழற்றுங்கள். பற்றரி ஊதியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். காய்ந்த மணல் போட்ட தகர வாளிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத நிழலில் வையுங்கள். எடுக்க வருபவரிடம் அதைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.