மூட்டைக்குக் கைரேகை, மனிதருக்கு மூக்கு



உர விநியோகச் சங்கிலியில் பாதுகாப்பு என்ற தலைப்பைப் பார்த்ததும், இது பொறியாளர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, சாதி ஒழிப்பு மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். பாதுகாப்பு என்றால் யாருடைய பாதுகாப்பு என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடத்திலேயே இது நம்முடைய விஷயமாகிவிடும்.

எண்ணூரிலிருந்து தொடங்குகிறேன். 2023 டிசம்பர் 26, சுனாமியின் 19ஆம் ஆண்டு நினைவு நாள். அன்று நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி விழித்துக்கொண்டார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்திருந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 40-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400 மட்டுமே.

அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு என்ன சொன்னது? அந்த மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலில் பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது. பழைய குழாயை மாற்றி, கசிவைக் கண்டறிந்து தானாகவே நிறுத்தும் கருவிகளோடு புதிய குழாய் போடச் சொன்னது. 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீட்டையும் பரிந்துரைத்தது. இதெல்லாம் மக்கள் ஓடிய பிறகு வந்த பரிந்துரைகள். அன்றிரவு அந்தத் தெருக்களை எழுப்பிய எச்சரிக்கைக் கருவி, மக்களின் மூக்குதான்.

இப்போது இதே சங்கிலியின் மறுமுனைக்கு வாருங்கள். அமோனியா உரமாகி, மூட்டையாகி, ஊர்க் கடைக்கு வந்துவிட்டது. 2018 முதல் நாடு முழுவதும் மானிய உரத்தை பிஓஎஸ் மெஷின் வழியாகத்தான் விற்கிறார்கள். ஆதார் எண்ணைச் சொல்லி, கைரேகை வைத்து வாங்குகிறோம். யூரியா வேறு தொழில்களுக்குக் கடத்தப்படக் கூடாது என்று வேப்பெண்ணெய் பூசுகிறார்கள். உரத்தின் தரத்துக்கு 1985ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. அம்மோனியம் நைட்ரேட்டை வெடிபொருளாக அறிவித்து, 2012இல் தனி விதிகளே போட்டிருக்கிறார்கள். இவை எதுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூட்டை எங்கே போகிறது, மானியம் எங்கே போகிறது, வெடிபொருள் யார் கைக்குப் போகிறது என்பதற்கெல்லாம் உத்தரவாதம் தேடுகிற அரசு, குழாய்க்குப் பக்கத்தில் தூங்குகிறவரின் நுரையீரலுக்கு என்ன உத்தரவாதம் தந்திருக்கிறது? இதுதான் என் கேள்வி.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1984இல் போபால் நடந்தது. அந்தப் பிணங்களின் மேல்தான் நம் சட்டங்கள் எழுதப்பட்டன. 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், அதன் அபாயத்தைத் தொழிலாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று 41-பி பிரிவு சேர்க்கப்பட்டது. 1989ஆம் ஆண்டின் விதிகள், ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு விபத்தின் தன்மையையும், செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை எவை என்பதையும் தெரிவிக்கச் சொல்கின்றன. அமோனியா கசிந்தால் காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வரி ஒவ்வொரு குப்பத்துச் சுவரிலும் இருந்திருக்க வேண்டும்.

தகவல் மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெய்ரூட் சாட்சி. 2020 ஆகஸ்ட் 4 அன்று துறைமுகக் கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயை அணைக்க அனுப்பப்பட்டு இறந்த 10 பேருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை. அந்த வாரம்தான் நம் மணலிக் கிடங்கில் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பது ஊருக்குத் தெரிந்தது. சுங்கத்துறை 2015இல் பறிமுதல் செய்த சரக்கு அது. ஐந்து ஆண்டுகள் வடசென்னை அதன் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறது. பெய்ரூட் வெடித்த பிறகுதான் அதை அப்புறப்படுத்தினார்கள்.

'எண்ணூர் மீனவர்கள் தலித்துகள் இல்லையே, இதில் சாதி எங்கே வந்தது?' என்று கேட்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மையாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். இந்தச் சங்கிலியை அப்படிப் பாருங்கள். மேலே உரிமையாளர், அடுத்து பொறியாளர், நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, மூட்டை தூக்குகிறவர், கடைசியில் வெறுங்கையால் உரம் தூவும் நிலமற்ற கூலிப் பெண். கீழே இறங்க இறங்க ஆபத்து கூடுகிறது, தகவல் குறைகிறது. உரம் தூவுகிற அந்தப் பெண் பெரும்பாலும் சேரியிலிருந்து வருகிறவர். மெஷினில் பதிவாவது உரம் வாங்குகிறவரின் கைரேகை. மீனவருக்கும் சேரிக்கும் படி வேறு வேறுதான். ஆனால் நச்சு இறங்குவது ஒரே திசையில்தான்.

1996ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகளில் உள்ளூர் நெருக்கடிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் சார் ஆட்சியர் நிலை அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், ஆலைத் தரப்பு, மருத்துவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. மக்கள் தரப்பில் ஒரு 'ஊர்த் தலைவர்'. அவரைத் தேர்ந்தெடுப்பதும் குழுவின் தலைவரான அந்த அதிகாரிதான். நம் ஊர்களில் 'ஊர்' என்றால் யார், அதன் தலைவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் மக்கள் பிரதிநிதித்துவம் இருக்கிறது. சேரிக்கும் மீன்விற்கும் பெண்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதில் உறுதியான ஒரு நாற்காலிகூட இல்லை.

உரம் இல்லாமல் சோறு ஏது, ஆலை மூடினால் வேலை போகுமே என்பார்கள். உரம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வேலையா உயிரா என்று உழைப்பவரையும் குடியிருப்பவரையும் மோதவிடுவது முதலாளிகளுக்கு வசதியான கேள்வி. ஆலைக்குள் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிதான் முதல் மூச்சில் அந்த வாயுவை இழுக்கிறார். சைரன் அவருக்கும் சேர்த்துத்தான்.

இளம் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். உங்கள் மாவட்டத்தில் அபாயகரமான இரசாயனம் வைத்திருக்கும் ஆலைகள், கிடங்குகள் எவை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்தின் நகலைக் கேளுங்கள். கடைசி ஒத்திகை எப்போது, எந்தத் தெருவில் நடந்தது, நெருக்கடிக் குழுவில் மக்கள் தரப்பில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். கிடைத்ததைத் தமிழில் எழுதிக் குப்பத்திலும் சேரியிலும் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த முறை அந்த மக்களை எழுப்புவது மூக்காக இருக்கக் கூடாது.