கல்லூரியில் யார் பாடம் நடத்துகிறார்கள்?

(நம் நலச்சங்கத்தின் ஜூன் 2025 மாதக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



"எந்தக் கல்லூரி நல்லது, நாலு வார்த்தை சொல்லுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். கல்லூரிப் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஒரு கல்லூரியைப் பார்த்ததும் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சொல்கிறேன். இங்கே பாடம் நடத்துபவர் யார், அவரை எப்படி வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?

போன கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, நினைவிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாட்ச்மேன் மாறுகிறார், ஏஜென்சி சரியாகச் சம்பளம் கொடுப்பதில்லை, அதனால்தான் யாரும் நிலைக்கவில்லை என்று எல்லோரும் பேசினோம். சரியான பேச்சுதான். ஆனால் நம் பிள்ளைக்கு ஒரே செமஸ்டரில் கணக்கு ஆசிரியர் இரண்டு முறை மாறினால், ஏன் மாறினார் என்று நாம் விசாரிப்பதில்லை. காரணம் பெரும்பாலும் அதே காரணம்தான்.

முதலில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம். அங்கே நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்தால் எண்பதாயிரத்தைத் தாண்டும். அதே கல்லூரியில், அதே பாடத்தை, அதே தகுதியோடு நடத்தும் இன்னொருவர் இருக்கிறார். அவருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். 2025-இல் அவருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். மே மாதத்தில் சம்பளம் இல்லை. தமிழ்நாட்டில் இப்படி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். கௌரவம் பெயரில் மட்டும் இருக்கிறது.

யு.ஜி.சி. 2019-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் தரலாம் என்றது. அதன்படி கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 மார்ச்சில் சொன்னது. 2025 ஜூனிலும் கையில் வந்தது 25,000தான்.

அப்படியானால் நிரந்தர இடங்களை நிரப்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யின் கதையைக் கேளுங்கள். 2013-இல் 1,093 இடங்களுக்கு அறிவிப்பு வந்து ஆட்களை எடுத்தார்கள். அடுத்த பெரிய அறிவிப்பு 2019-இல், 2,331 இடங்களுக்கு வந்தது. விண்ணப்பித்தவர்கள் காத்திருந்தார்கள், கடைசியில் அது ரத்தானது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது. ஆகஸ்டு 4 அன்று நடக்க வேண்டிய தேர்வைத் தள்ளிவைத்தார்கள். 2025 ஜூன் வரை அது நடக்கவில்லை. 2019-இல் இருபத்தொன்பது வயதில் பிஎச்.டி. முடித்துவிட்டு விண்ணப்பம் போட்ட ஒருவருக்கு 2025-இல் முப்பத்தைந்து. கல்யாணம் ஆகிக் குழந்தையும் பள்ளிக்கூடம் போயிருக்கும். அவர் இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான்.

அடுத்தது அரசு உதவி பெறும் கல்லூரிகள். காலையில் உதவி பெறும் பிரிவு, மதியம் சுயநிதிப் பிரிவு. கட்டடம் ஒன்று, ஸ்டாஃப் ரூம் ஒன்று, பாடத்திட்டமும் ஒன்று. காலையில் வருபவருக்கு அரசு சம்பளம். மதியம் வருபவருக்கு நிர்வாகம் கொடுப்பது. மேனேஜ்மென்ட் ஸ்டாஃப் என்று சொல்வார்கள். அவருக்குக் கிடைப்பது பல இடங்களில் மற்றவரின் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. பிள்ளையைச் சேர்க்கும்போது கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல் எந்தப் பிரிவில் சேர்க்கிறோம் என்றும் பாருங்கள். மதியம் வரும் ஆசிரியர் திறமை குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை. என் அனுபவத்தில் பல நேரம் அவர்தான் அதிகம் உழைப்பவர். ஆனால் வேறு இடத்தில் ஐயாயிரம் கூடக் கிடைத்தால் அவர் போய்விடுவார். போகத்தான் வேண்டும், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இனி பொறியியல் கல்லூரிகள். இங்கே பலருக்கும் இதில்தான் ஆர்வம். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். 2018-க்கு முன்னால் 15 மாணவருக்கு ஒருவர் என்று இருந்தது, அதைத் தளர்த்தினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துறையில் ஆண்டுக்கு 60 இடம் என்றால் நான்கு ஆண்டுக்கு 240 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அதே துறை 240 இடமாகப் பெருகினால் 960 மாணவர்கள், 48 ஆசிரியர்கள். 2024–25 முதல், நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகுகின்றன. கம்ப்யூட்டரில் எம்.இ. முடித்த பிள்ளைக்கு ஐ.டி. கம்பெனி கொடுப்பதைக் கல்லூரி கொடுப்பதில்லை. பிறகு அந்த 48 பேர் எங்கிருந்து வருவார்கள்?

சிலர் எங்கிருந்தும் வரவில்லை என்பது 2024 ஜூலையில் தெரிந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், ஒரே நபர் ஒரே நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர் என்று கணக்குக் காட்டியிருந்ததை அறப்போர் இயக்கம் வெளியிட்டது. பல்கலைக்கழகமே சரிபார்த்தபோது, ஏறத்தாழ 2,000 பணியிடங்களில் 189 பேரின் பெயர்களே திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரிந்தது. அதாவது பதிவேட்டில் ஆசிரியர் இருக்கிறார், வகுப்பறையில் இல்லை. ஃபீஸ் கட்டிய பெற்றோருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்று என்ன இருக்க முடியும்?

இன்னொரு பக்கம் மெக்கானிக்கல், சிவில் ஆசிரியர்கள். இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள். மாணவர் சேர்க்கை குறைந்ததும் அவர்களுக்கு "டார்கெட்" கொடுக்கிறார்கள். ஏப்ரல், மே வெயிலில் ஊர் ஊராகப் போய் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கள் கல்லூரிக்கு வாருங்கள்" என்று ஆள் சேர்க்க வேண்டும். அந்த மாதச் சம்பளம் அதைப் பொறுத்தது. நம் வீட்டுக்கே யாராவது நோட்டீஸோடு வந்திருப்பார்கள். விற்பனைப் பிரதிநிதி என்று நினைத்து வாசலிலேயே அனுப்பியிருப்போம். அவர் எம்.இ. படித்த உதவிப் பேராசிரியராக இருக்கலாம். இனிமேல் ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுங்கள்.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கலந்தாய்வு இடத்துக்குக் கட்டணத்தைக் குழு நிர்ணயிக்கிறது. உதவித்தொகைப் பணம் தாமதமாக வருகிறது. இடம் காலியாக இருந்தாலும் மின்கட்டணமும் வங்கித் தவணையும் குறைவதில்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது ஆசிரியர் சம்பளம். நுழைவாயில் வளைவுக்கும் ஏ.சி. பேருந்துக்கும் அப்போதும் பணம் இருக்கிறது. ஏன் என்றால், நாம் பார்ப்பது வளைவையும் பேருந்தையும்தான்.

இன்னொரு செய்தி. யு.ஜி.சி.யின் 2018 விதியில், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த வரைவு விதிகளில் அந்த வரம்பே இல்லை. துணைவேந்தர் நியமனம் பற்றி எல்லோரும் பேசினார்கள். நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. இந்த 10 சதவீத விஷயம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பறையை நேராகத் தொடுவது இதுதான்.

சரி, பெற்றோராக நீங்கள் என்ன செய்யலாம்? நான்கு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, கல்லூரியின் இணையதளத்தில் துறைவாரியாக ஆசிரியர் பட்டியல் இருக்கும். அதை அச்செடுத்துக்கொண்டு போங்கள். பட்டியல் இல்லாவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

இரண்டு, பட்டியலில் உள்ளவர்களில் மூன்று ஆண்டுக்கு மேல் அங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி.

மூன்று, அலுவலகத்தில் மட்டும் கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கேன்டீனில் பிடித்து, "போன வருஷம் கணக்கு யார் எடுத்தார்? கடைசி வரை அவரே எடுத்தாரா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

நான்கு, ஆசிரியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறதா என்று விசாரியுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மூன்று மாதம் சம்பளம் வராதவர் எந்த மனநிலையில் வகுப்புக்குள் நுழைவார்?

இப்போது, கல்லூரி வேலைக்குப் போக நினைக்கும் நம் குடியிருப்பு இளைஞர்களுக்கும், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள்.

கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளுக்குப் பிஎச்.டி. கட்டாயம் என்று இருந்ததை 2023 ஜூலை முதல் நீக்கிவிட்டார்கள். ஆகவே, வேலைக்காக மட்டும் என்றால் முதலில் நெட் அல்லது செட் எழுதுங்கள். ஆராய்ச்சியில் உண்மையான ஆசை இருந்தால் பிஎச்.டி. செய்யுங்கள். வேலை கிடைக்கும் வரை பொழுது போக்க ஐந்து வருடம் பிஎச்.டி. செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சேரும் நாளில் சம்பளம் எவ்வளவு என்று எழுதிய நியமன ஆணையைக் கையில் வாங்குங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். பி.எஃப். பிடிக்கிறார்களா என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறது. சான்றிதழ் மாட்டிக்கொண்டதால் நல்ல வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். நிரந்தர இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வீட்டை அடகு வைக்காதீர்கள்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டப்படி தொழிலாளி ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சொல்லிவிட்டது. அதனால் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஆசிரியர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பணிக்கொடை என்கிற கிராச்சுட்டி அப்படி இல்லை. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் உண்டு என்று ஆக்கினார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில், 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவர் விலகும்போது, ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கிட்டுக் கேட்கலாம். கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வையுங்கள். மாதத்தை 26 நாளாகப் பிரித்தால் 15 நாளுக்கு 15,000. பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு 1,50,000 ரூபாய். இது நிர்வாகத்தின் கருணை இல்லை, சட்டம். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென்றே உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். நம் குடியிருப்பிலேயே சுயநிதிக் கல்லூரியிலிருந்து வெறுங்கையோடு விலகியவர்கள் இருக்கிறார்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். மனு எழுத உதவுகிறேன், கட்டணம் ஒரு காபி.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பிளாக்குகளில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நிறைய. எந்தக் கல்லூரி, எந்தத் துறை, எத்தனை ஆசிரியர் நடுவில் விலகினார்கள் என்று ஒவ்வொருவரும் நான்கு வரி எழுதிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு சேர்க்கிற பெற்றோருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சங்க அறையில் வைத்தால் முதல் பக்கத்தை என் பேத்தி எழுதுவாள்.

ஆசிரியரைச் சரியாக வைத்திருக்கும் கல்லூரியை நாம் தேடிப் போனால், மற்றவர்களும் சரியாக வைத்திருக்கத் தொடங்குவார்கள். அவர்கள் காது கொடுத்துக் கேட்பது நம் கேள்வியைத்தான், ஏனென்றால் ஃபீஸ் கட்டுவது நாம்.